தம்பிக்கு வைத்தியம் பார்ப்பேன் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தேன், இடையில் நின்றுபோனது. இப்போது பொறுப்பு யாருக்கு?

தோப்புக்காரன் (பாலக்காடு மாவட்டம், கிழக்கு ஓரம்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் பேச்சு தமிழ், கோர்ட்டும் ஆபீசும் மலையாளம், ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பாதி நாள் பொள்ளாச்சி, கோவை என்று போகிற ஊர்.

என் தம்பிக்கு 31 வயது. இருபத்திநாலு வயதிலிருந்தே காதில் குரல் கேட்கிறது என்பான். 2022-இல் ஒரு நாள் காலை எங்கள் தெருமுனை டீக்கடைக்குப் போய்க் கண்ணாடியை உடைத்து, தடுக்க வந்த கடைக்காரரின் கையில் கட்டையால் அடித்துவிட்டான். கேஸ் ஆனது. விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் அவன் இல்லை என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தார். கோர்ட்டில் அவனை என் பொறுப்பில் விட்டார்கள். ஒரு அரசு ஆஸ்பத்திரியின் பெயரை எழுதி, அங்கே மாதாமாதம் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். தாள் மலையாளத்தில் இருந்தது. வக்கீல் குமாஸ்தா விரல் வைத்த இடத்தில் எல்லாம் போட்டேன்.

முதல் ஐந்து மாதம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அப்புறம் அங்கே டாக்டர் மாறினார். புது டாக்டர் நல்லவர்தான், ஆனால் மலையாளம் மட்டும்தான். தம்பிக்கு மலையாளம் தெரியும், கடையில் பேசுவான். தலைக்குள் கேட்கும் குரல் என்ன சொல்கிறது என்று கேட்டால் அவனால் தமிழில்தான் சொல்ல முடியும். அந்தக் குரல் தமிழில்தான் பேசுகிறது. அவன் வாயே திறக்கவில்லை. அதனால் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குக் கூட்டிப்போய் அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் காட்ட ஆரம்பித்தேன். அங்கே பேசினான். தூங்கினான். தோப்பு வேலைக்கும் போனான்.

அதன்பின் எனக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. அம்மாதான் பார்த்துக்கொண்டார், அவருக்கு 67 வயது. மாத்திரை கொடுத்துவிட்டேன் என்று போனில் சொல்வார், அவரும் அப்படித்தான் நம்பியிருக்கிறார். போன பொங்கலுக்கு வந்தபோது அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மாத்திரைகள். எச்சில் பட்டு வெளுத்துப்போனவை. எண்ணிப் பார்த்தேன், நூற்றைம்பதைத் தாண்டி அதற்கு மேல் எண்ண முடியவில்லை. கோவைச் சீட்டிலும் கடைசித் தேதி போட்டு பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அதற்கு ஆறாம் நாள் தம்பி அதே கடைக்காரரின் தலையில் அடித்துவிட்டான். எட்டுத் தையல்.

இப்போது தம்பி ஆஸ்பத்திரியில் உள்நோயாளி. எனக்குக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ்: ஜாமீன் தொகை ஐம்பதாயிரத்தை ஏன் பறிமுதல் செய்யக்கூடாது என்று காரணம் சொல்ல வேண்டுமாம். கடைக்காரர் வீட்டிலும் என்மேல் நஷ்ட ஈட்டுக் கேஸ் போடுவோம் என்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, தப்பு என் பக்கம் இருக்கிறது. ஆனால் இரண்டு வருஷத்துக்கும் மேலாக, சிகிச்சை நடக்கிறதா என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். சட்டப்படி பொறுப்பு என் ஒருவனுக்கு மட்டும்தானா?

நகரிக்காரர்

கொழிஞ்சாம்பாறை என்றால் நீங்கள் கேரளத்துச் சித்தூர் தாலுகாவா? நான் முதலில் எங்கள் ஆந்திரா சித்தூர் என்று நினைத்துப் படித்தேன். ஊர்தான் வேறு, கதை ஒன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் மாநில அரசின் பெரிய மனநல மருத்துவமனை விசாகப்பட்டினத்தில். நகரியிலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல். சென்னை கீழ்ப்பாக்கம் நூறு கிலோமீட்டர் சுமார், காலை ரயிலில் போனால் அன்றைக்கே திரும்பிவிடலாம். இந்தப் பக்கத் தமிழ்க் குடும்பங்கள் எங்கே போகும்? என் பெரியப்பா மகனுக்கு இதே மாதிரி ஆணை இருந்தது. நாங்கள் சென்னையில் காட்டினோம். அந்தச் சீட்டைக் கோர்ட்டில் கொடுக்கப் போனால், இந்த மாநில டாக்டர் கையெழுத்துதான் வேண்டும் என்று அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை, பயம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானும் காத்திருக்கிறேன்.

பொள்ளாச்சி வக்கீல்

தோப்புக்காரன் தம்பி, முதலில் ஒன்று. நோட்டீஸில் உள்ள தேதிக்கு நேரில் போய்விடுங்கள். போகாமல் இருப்பதுதான் இந்த விஷயத்தில் உண்மையான ஆபத்து.

உங்கள் தம்பியை விட்டது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 330-இன் கீழ் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது 369. உங்கள் வழக்கு அதற்கு முந்தையது என்பதால் பழைய சட்டமே தொடரும். அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: ஆள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய நிலையில் இல்லை என்றால், உறவினரோ நண்பரோ முன்வந்து, அருகிலுள்ள மருத்துவ வசதியில் தொடர்ந்து புறநோயாளியாகச் சிகிச்சை பெற்றுத் தருவேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்று உறுதி கொடுத்தால் விடலாம். நல்ல நோக்கத்தில் கொண்டுவந்த திருத்தம். அதற்கு முன் இப்படிப்பட்டவர்கள் சிறையிலேயே மறக்கப்பட்டார்கள்.

'அருகிலுள்ள' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த வாசகத்தில் மாநில எல்லை இல்லை. நகரிக்காரருக்கும் இதுதான் பதில். கோவையோ சென்னையோ அருகில் என்றால் அங்கே காட்டியது சட்டத்தின் நோக்கத்துக்கு உட்பட்டதே என்று நான் தைரியமாக வாதாடுவேன். சிக்கல் எங்கே என்றால், ஆணையிலேயே ஒரு ஆஸ்பத்திரியின் பெயரை எழுதிவிட்டால், மாற்றும்போது கோர்ட்டில் ஒரு சிறு மனு போட்டு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஒரு பக்க மனு. அது நடக்கவில்லை.

அடுத்து, உங்கள் பொறுப்பு எதுவரை என்று பார்ப்போம்.

தம்பி அடித்த குற்றத்துக்கு நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள். அண்ணன் என்பதற்காகவோ ஜாமீன் போட்டதற்காகவோ ஒருவர் செய்த குற்றம் இன்னொருவர் தலையில் ஏறாது.

ஜாமீன் தொகை பறிமுதல் என்பது வேறு. பழைய சட்டத்தில் 446, புதியதில் 491. பத்திரம் மீறப்பட்டது என்று கோர்ட் காரணத்தோடு பதிவு செய்து, உங்களிடம் விளக்கம் கேட்டு, அதன்பிறகுதான் தொகையைக் கேட்க முடியும். காரணத்தை எழுதிவிட்டுத் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் அதிகாரம் உண்டு. மாஜிஸ்திரேட் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போகலாம். நீங்கள் கையெழுத்துப் போட்டது எத்தனை தாள் என்று பாருங்கள். ஆஜராவதற்கான ஜாமீன் பத்திரம் ஒன்றாகவும் சிகிச்சைக்கான உறுதிமொழி தனியாகவும் இருந்தால் வாதமே மாறும். பணம் எந்தத் தாளோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

கோர்ட்டுக்குக் கொடுத்த உறுதியை மீறினால் அவமதிப்பும் வரலாம். ஆனால் அதற்கு வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும். 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் அந்தச் சொல் தெளிவாக இருக்கிறது. ஏமாந்துபோன அம்மாவும் வெளியூரில் வேலைக்குப் போன அண்ணனும் வேண்டுமென்றே மீறியவர்கள் ஆக மாட்டார்கள்.

கடைக்காரர் சிவில் கேஸ் போடலாம், தடுக்க முடியாது. அதில் அவர் நிரூபிக்க வேண்டியது: ஆபத்து உங்களுக்குத் தெரியும், தடுக்கும் வழி உங்கள் கையில் இருந்தது, நியாயமான கவனம்கூட எடுக்கவில்லை. இங்கே உங்களுக்குப் பாதகமாக ஒரு நாள்கணக்கு இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்த நாளுக்கும் அடி விழுந்த நாளுக்கும் நடுவில் ஆறு நாள். அந்த ஆறு நாளில் என்ன செய்தீர்கள்?

தோப்புக்காரன்

அண்ணா, அந்த ஆறு நாளும் எனக்கு மனப்பாடம். பாட்டிலைப் பார்த்தது சாயங்காலம். மறுநாள் கோவை ஓ.பி. லீவு. அடுத்த நாள் தம்பி பஸ் ஏற மறுத்தான், ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் நாள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன், மாவட்ட மனநலக் குழு வரும் நாள் அது இல்லை என்றார்கள். நான்காம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். ஏதாவது நடந்தால் கம்ப்ளைண்ட் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எழுதி எதுவும் வாங்கவில்லை. மீதி இரண்டு நாளும் ராத்திரி வாசலில் பாய் போட்டுப் படுத்தேன். காலையில் குளிக்கப் போன நேரத்தில் அவன் வெளியே போய்விட்டான்.

தாள் இரண்டு என்றுதான் ஞாபகம். நகல் மனு போடச் சொல்லியிருக்கிறேன்.

வார்டு நர்ஸ் (ஓய்வு)

தம்பி, முப்பது வருஷம் மனநல வார்டில் இருந்தவள் நான். எந்த ஊர் என்று வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், அப்போதுதான் ஏன் யாரும் கேட்கவில்லை என்று புரியும்.

உள்நோயாளியாகக் கோர்ட் அனுப்பினால் அதற்குத் தனி ரிஜிஸ்டர் உண்டு. மாஜிஸ்திரேட் ஆணை கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கும், எல்லோருக்கும் பயம் இருக்கும். ஓ.பி.யில் வருபவர் கையில் ஒரு சீட்டோடு வருவார். பெயர், வயது, பழைய மாத்திரை, புது மாத்திரை. அவர் கோர்ட் கேஸ் என்று அந்தச் சீட்டில் எங்கும் இருக்காது. ஒரு காலையில் 150 பேர் நிற்கும் வரிசையில் வராதவர் யார் என்று பார்க்க ஆளும் இல்லை. ஆணை வீட்டாரிடம் போகும், கோர்ட்டின் கேஸ் கட்டில் ஒரு நகல் இருக்கும். டாக்டர் கைக்கு அது வருவதே இல்லை. நான் பார்த்த இருபது முப்பது கேஸில் இரண்டே இரண்டில்தான் வீட்டார் ஆணையைக் கொண்டுவந்து டாக்டரிடம் காட்டினார்கள்.

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்குவது வார்டிலேயே நடக்கும். நாங்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்போம், தண்ணீர் குடித்தபின் பேசச் சொல்வோம். 67 வயது அம்மா அதையெல்லாம் செய்ய முடியாது. மாதம் ஒரு முறை போடும் ஊசி மருந்து இருக்கிறது, வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது பெரிய உதவி. ஊசிக்கு வராவிட்டால் அன்றே தெரிந்துவிடும். டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் தம்பிக்கு இது தண்டனை அல்ல என்று அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். கோர்ட் சொன்ன மருந்து என்று நினைத்தாலே சிலர் துப்பிவிடுவார்கள்.

வாளையாறு வாசி

எல்லோரும் இவருக்கு ஆறுதல் சொல்கிறீர்கள். கையெழுத்துப் போட்டவர் இவர். திருப்பூர் போகும்போது ஒரு கார்டாவது கோர்ட்டுக்குப் போட்டாரா? தையல் போட்டவர் தலைக்கு யார் பதில் சொல்வது? கேட்கவில்லை, கேட்கவில்லை என்றால், கேட்டால்தான் செய்வோமா?

தோப்புக்காரன்

நீங்கள் சொல்வது சரிதான். போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்தத் தாள் பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது.

ஆரியங்காவு மகள்

நான் அடிபட்ட பக்கம். எங்கள் அப்பாவை ஆறு வருஷத்துக்கு முன் இதே போல ஒருவர் வெட்டினார். அவருக்கும் நோய்தான், அவரையும் அக்கா வீட்டில் விட்டிருந்தார்கள். மருந்து எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் வெளியே விட்டார்கள் என்பதே எங்களுக்குச் சம்பவத்துக்குப் பிறகுதான் தெரியும். முன்பே தெரிந்திருந்தால், மருந்து நின்றது தெருவுக்கே தெரியும், நாங்களே போய்ச் சொல்லியிருப்போம்.

வாளையாறு வாசி அண்ணா, உங்களைவிட அதிகம் கோபப்பட்டவள் நான். அந்த அக்கா மூன்று முறை ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார் என்று கேஸ் கட்டில் படித்தபோது என் கோபம் எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது.

தோப்புக்காரன் அண்ணா, கடைக்காரர் வீட்டுக்கு இதைச் சொல்லுங்கள். அடித்தவரைத் தண்டிக்க முடியாமல் போனாலும் பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். உங்களிடமிருந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. எங்களுக்கு அது யாரும் சொல்லாமல் ஒரு வருஷம் போனது.

மறையூர் ஆசிரியர்

இந்த இழையைப் படிக்கும்போது அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்தது ஞாபகம் வருகிறது. 2005 டிசம்பரில் ஒரு மாணவர் புறநோயாளியாகச் சிகிச்சை பெற வேண்டும் என்று அங்கே ஆணையிட்டார்கள். அன்று மதியம் அவர் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குப் போனார், அதோடு சரி. தொடர்ந்து போகிறாரா என்று பார்ப்பது யார் வேலை என்பதே தெளிவாக இல்லை. 2007 ஏப்ரல் 16-இல் அவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். அவருடைய ஆலோசனைக் கோப்பு காணாமல் போய், 2009-இல் அந்த மையத்தின் முன்னாள் இயக்குநர் வீட்டில் கிடைத்தது.

அதன்பிறகு 2008-இல் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தி, கட்டாயப் புறநோயாளிச் சிகிச்சையைக் கண்காணிக்கும் கடமையை உள்ளூர் மனநலச் சேவை வாரியத்துக்குக் கொடுத்தது. பலியான இருவரின் குடும்பங்கள் போட்ட வழக்கில் 2012-இல் ஜூரி பல்கலைக்கழகத்தின் மேல் கவனக்குறைவு என்றது. அதுகூட மாணவர்களை எச்சரிக்கத் தாமதித்ததற்காக. 2013-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்துவிட்டது.

மறையூரில் எஸ்டேட் லயன்களில் இப்படி ஐந்தாறு குடும்பங்களை எனக்குத் தெரியும். மூணாறு போய்வரவே ஒரு நாள் கூலி போய்விடும். ஆணை போடும்போதே யார் பார்ப்பது என்று ஒரு வரி எழுதினால் போதாதா?

பொள்ளாச்சி வக்கீல்

ஆசிரியர் ஐயா கேட்ட அந்த ஒரு வரிதான் நம் சட்டத்தில் இல்லை. எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்கிறேன்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அதில் மாஜிஸ்திரேட் ஒருவரை அரசு மனநல நிலையத்துக்கு அனுப்பலாம், மதிப்பீட்டுக்காகப் பத்து நாள் வரை சேர்க்கலாம். அது முடிந்ததும் மருத்துவ அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். இது பிரிவு 102. சிறையில் இருப்பவர்களுக்கு 103: அங்கே மனநோயுள்ள கைதி யாரும் இல்லை என்று சிறை மருத்துவ அதிகாரி மூன்று மாதத்துக்கு ஒரு முறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். ஆக, உள்ளே இருப்பவருக்குத் தேதி இருக்கிறது, படிவம் இருக்கிறது, அனுப்ப வேண்டிய இடம் இருக்கிறது. வீட்டில் இருந்துகொண்டு கட்டாயமாகச் சிகிச்சை எடு என்று ஆணையிடும் ஏற்பாடே அந்தச் சட்டத்தில் கிடையாது. அது ஜாமீன் வழியாக மட்டும் வருகிறது. அதனால் மனநலச் சட்டத்தின் கண்காணிப்பு எதுவும் அதற்குப் பொருந்தாமல், முழுப் பாரமும் கையெழுத்துப் போட்டவர் மேல் வந்து விழுகிறது.

மற்ற பொறுப்புகள். நீதிபதியைத் தனிப்பட்ட முறையில் வழக்குக்கு இழுக்க முடியாது. 1985 நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டாக்டரைப் பொறுத்தவரை, ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னபடி, கிரிமினல் வழக்குக்குப் பெரும் கவனக்குறைவு வேண்டும். வராத ஓ.பி. நோயாளியைத் தேடிப் போகவில்லை என்பது அந்த அளவுக்கு வராது. நர்ஸ் அக்கா சொன்னபடி ஆணையே அவர் கண்ணில் படவில்லை என்றால் பேச்சே இல்லை. ஆனால் ஆணையைப் பார்த்து, ஆபத்து அறிகுறியையும் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் கதை வேறு. பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்கத் தேவையான அளவு தகவலை வெளியிட அந்தச் சட்டமே பிரிவு 23-இல் அனுமதிக்கிறது. ரகசியம் என்று அங்கே ஒதுங்க முடியாது.

அரசின் பொறுப்பில்தான் நம் உச்ச நீதிமன்றம் தூரம் போயிருக்கிறது. ருதுல் ஷா 1968-இல் விடுதலை ஆனவர், 1982 வரை பீகார் சிறையில் இருந்தார். மனநிலை சரியில்லை என்று அரசு காரணம் சொன்னது. 1983-இல் கோர்ட் அதை ஏற்காமல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அசாமில் மச்சாங் லாலுங் 1951-இல் கைதானார். மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், 1967-இல் குணமாகிவிட்டார் என்று அங்கிருந்து சான்று வந்தது. வெளியே வந்தது 2005-இல். அத்தனை வருஷமும் அவருடைய கேஸ் கட்டை ஒருவரும் திறக்கவில்லை. ஆனால் இவை எல்லாம் உள்ளே வைத்து மறந்த வழக்குகள். வெளியே விட்டுவிட்டு மறந்ததற்கு அதே வழியில் ஹைகோர்ட்டில் இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். உங்கள் நான்காம் நாள் ஸ்டேஷன் விஷயம் மட்டும் கொஞ்சம் பலமானது. தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் மனநோயோடு ஒருவர் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், தன் எல்லைக்குள் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் கடமை பிரிவு 100-இன்படி போலீஸுக்கு உண்டு. அன்று ஸ்டேஷனுக்குப் போனதற்கு ஏதாவது சாட்சி இருக்கிறதா? போன் அழைப்புப் பதிவு, கூட வந்தவர், எதுவானாலும்.

இனி செய்ய வேண்டியது. கோவைச் சீட்டு, மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட் எது கிடைத்தாலும் எடுங்கள். ஆஸ்பத்திரியில் மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேளுங்கள், அது பிரிவு 25-இல் உங்கள் தம்பியின் உரிமை. நோட்டீஸுக்குப் பதிலில் ஐந்து மாதம் அங்கே, பிறகு கோவையில், பிறகு நின்றது, அந்த ஆறு நாள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒன்றையும் பூசி மெழுக வேண்டாம். கூடவே தனி மனு ஒன்று: ஆஸ்பத்திரியைக் கோவைக்கு மாற்றித் தரவும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிகிச்சை விவரம் தாக்கல் செய்ய ஒரு தேதி போடவும், நேரில் பார்க்க ஒரு அலுவலரை நியமிக்கவும் கேளுங்கள். பழைய சட்டம் 331-இல் மாஜிஸ்திரேட் அப்படி ஒரு அலுவலரை நியமிப்பது பற்றிப் பேச்சு இருக்கிறது. ஆள் வழக்கை நடத்தும் நிலைக்கு வந்துவிட்டாரா என்று சான்று தருவதற்காக அது. அதைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம். வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவசச் சட்ட உதவி.

நகரிக்காரர்

ஐயா, அந்த 'அருகிலுள்ள' என்ற சொல்லைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை பெரியப்பா மகன் சீட்டோடு மறுபடி போகிறேன். இந்த முறை மனுவாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்காமல் வர மாட்டேன்.

வாளையாறு வாசி

தோப்புக்காரன், அந்த நான்காம் நாள் உங்களோடு ஸ்டேஷனுக்கு யாராவது வந்தார்களா? வந்திருந்தால் அவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். நாள் போனால் மறந்துவிடுவார்கள். முன்னால் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

தோப்புக்காரன் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நகல் கிடைத்தது. தாள் இரண்டுதான். ஐம்பதாயிரம் ஆஜராவதற்கான பத்திரத்தில் இருக்கிறது. சிகிச்சை உறுதிமொழியில் தொகை எதுவும் இல்லை. சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் அம்மா அதை மலையாளத்தில் படித்து எனக்குத் தமிழில் வரிவரியாகச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து, கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். 'பிறருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வேன்' என்ற வரியைச் சொன்னதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

ஸ்டேஷனுக்கு என்னோடு வந்தது பக்கத்துத் தோப்பு மேஸ்திரி. எழுதிக் கொடுத்துவிட்டார்.

பறிமுதல் விஷயம் இன்னும் முடியவில்லை, அடுத்த வாய்தாவுக்குத் தள்ளியிருக்கிறது. ஆஸ்பத்திரியைக் கோவைக்கு மாற்றும் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் சீட்டின் நகலைத் தாக்கல் செய்ய வேண்டும், முதல் தேதியும் போட்டுவிட்டார்கள். அலுவலர் நியமனம் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தது அவர் மனைவி, உட்காரச் சொல்லவில்லை. ஆரியங்காவுத் தங்கை சொன்ன இழப்பீட்டு மனு விவரத்தை எழுதிக்கொண்டு போயிருந்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். தையல் பிரித்தாகிவிட்டதாம். கேஸ் போடுவார்களா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நான் திருப்பூர் வேலையை விட்டுவிட்டேன். தம்பி போன வாரம் டிஸ்சார்ஜ். ஊசிக்கு மாற்றிவிட்டார்கள். நர்ஸ் அக்கா, நீங்கள் சொன்னபடி ஆணையின் நகலை டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் முழுதும் படித்துவிட்டு, சீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் 'கோர்ட்' என்று எழுதினார். அதற்குக் கீழே என் போன் நம்பர். தேதிக்கு வராவிட்டால் கூப்பிடச் சொல்லி கவுண்டரில் இருந்த பெண்ணிடமும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது தம்பி அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தான். அது என்ன சிவப்பு என்றான். நீ வராவிட்டால் தேடுவார்களாம் என்றேன். சரி என்று மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான்.